ஒன்ராறியோ ட்ரெயிலில் ஸ்னோமொபைல்: முதல் தடவை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பெப்ரவரியில் ஃபமிலி டே நீள் விடுமுறை வந்தால் ஹலிபேட்டன், மஸ்கோக்கா பக்கம் கொட்டேஜ் எடுத்துக்கொண்டு போகும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. போன இடத்தில் வாடகைக்கு ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓடும் மோட்டார் வண்டி, இருப்பதைப் பார்ப்பார்கள். அன்று இரவே எனக்குப் போன் வரும்: "அண்ணை, நாளைக்கு ஓடப் போறம், என்ன கவனிக்க வேணும்?"

நான் 14 குளிர்காலமாக ஓட்டுகிறேன். கடைசி ஆறு வருடமாக ஒரு உள்ளூர்க் கிளப்பில் தொண்டு வேலையும் செய்கிறேன்: விழுந்த மரம் வெட்டுவது, அடையாளக் கம்பு நடுவது, பலகை மாற்றுவது. போனில் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் ஒன்ராறியோவுக்கு மட்டும் பொருந்தும். கியூபெக்கில் ஓடப் போகிறீர்கள் என்றால் அங்கத்தைய விதிகளைத் தனியாகப் பாருங்கள்.

இந்த ட்ரெயில் எல்லாம் யாருடையது? அரசாங்கம் போட்டதா?

யாரும் இதை முதலில் கேட்பதில்லை. ஆனால் மற்ற எல்லாப் பதிலும் இதிலிருந்துதான் வருகிறது என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

ஒன்ராறியோவில் ட்ரெயில், அதாவது ஸ்னோமொபைல் ஓடும் பாதை, சுமார் 30,000 கிலோமீற்றர் இருக்கிறது. அதைப் பராமரிப்பவை ஊருக்கு ஊர் இருக்கும் கிளப்புகள். அவற்றின் தலைமை அமைப்பு ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பு. அரச காணி, பழைய ரயில் பாதை எல்லாம் இதில் உண்டு. ஆனால் பெரும் பகுதி தனியார் காணி. ஒரு விவசாயியின் வயல் ஓரம், ஒரு கிழவரின் மேப்பிள் காடு, யாரோ ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளி. அவர்கள் வாடகை வாங்குவதில்லை. "சரி, குளிர்காலத்தில் போங்கோ" என்று அனுமதி தந்திருக்கிறார்கள். வேண்டாம் என்றால் அடுத்த நாளே மூடலாம்.

மூடியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மார்ச் மாதம், எங்கள் ட்ரெயில் ஒரு வயலைக் கடக்கிற இடத்துக்கு விவசாயி எங்களைக் கூப்பிட்டார். எங்கள் கம்புகள் வரிசையாக வயல் ஓரத்தில் நின்றன. கம்புகளுக்குள் இருந்த பாதை சுத்தம். ஆனால் வயலின் நடுவில் ஆறேழு பெரிய வட்டங்கள். யாரோ விளையாட்டுக்குச் சுற்றியிருக்கிறார்கள். அவர் குனிந்து கையுறையால் பனியை ஒதுக்கிக் காட்டினார். மிதிபட்ட பனி ஐஸ் தகடாக இறுகியிருந்தது, அதற்குக் கீழே ஒக்டோபரில் விதைத்த குளிர்காலக் கோதுமை பழுப்பு நிறமாக மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. தளர்ந்த பனி பயிருக்குப் போர்வை மாதிரி. அதை நசுக்கினால் குளிர் நேரே வேருக்கு இறங்கிவிடும். அவர் சத்தம் போடவில்லை. "அடுத்த வருடம் வேறு வழி பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு துண்டுக்குப் பதிலாக எங்களுக்கு 11 கிலோமீற்றர் சுற்று.

அதனால் முதல் விதி இதுதான்: கம்புக்கு உள்ளே ஓடுங்கள். வெளியே எவ்வளவு அழகான புதுப்பனி கிடந்தாலும் அது உங்கள் இடம் இல்லை. கம்பைத் தாண்டினால் சட்டப்படியும் அத்துமீறல்தான்.

என்னென்ன பத்திரம் வேண்டும்?

வண்டிக்குப் பதிவு, இன்சூரன்ஸ், ட்ரெயில் பெர்மிற். ஓட்டுகிறவருக்குக் கார் லைசென்ஸ் அல்லது ஸ்னோமொபைலுக்கென்று உள்ள தனி லைசென்ஸ். ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும் ஹெல்மெற் கட்டாயம், நாடிப் பட்டி பூட்டியிருக்க வேண்டும்.

பெர்மிற் ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. அந்தக் காசுதான் பாதை சமன்செய்யப் போகிறது. வாடகை வண்டியில் பெரும்பாலும் ஒட்டியே இருக்கும், ஆனாலும் புறப்படமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸில் உங்கள் பங்கு எவ்வளவு, வண்டி சேதமானால் யார் கட்டுவது என்பதையும் கையெழுத்து வைக்கமுன் வாசியுங்கள். அந்தக் கடதாசியை யாரும் வாசிப்பதில்லை, பிறகுதான் எனக்குப் போன் வரும்.

பிள்ளைகள் ஓட்டலாமா?

12 வயதுக்குக் குறைந்த பிள்ளை ட்ரெயிலில் ஓட்ட முடியாது. 12 ஆனால், ஸ்னோமொபைல் லைசென்ஸ் எடுத்தால் ட்ரெயிலில் ஓட்டலாம். பொது றோட்டு வழியே போகவோ றோட்டைக் குறுக்கே கடக்கவோ 16 வயது வேண்டும். ட்ரெயில் றோட்டைக் கடக்கிற இடம் எப்படியும் வரும். அங்கே பிள்ளை இறங்க, பெரியவர் ஒருவர் அந்த வண்டியை அக்கரைக்குக் கொண்டுபோய் விட வேண்டும்.

சட்டம் விட்டாலும், 13 வயதுப் பிள்ளையிடம் பெரிய எஞ்சின் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஒரு ஸ்னோமொபைல் 200, 250 கிலோ இருக்கும். அது புரண்டால் தூக்க அந்தப் பிள்ளைக்குப் பலம் இல்லை.

பின்னால் இருத்திக் கொண்டுபோவது என்றால், பிள்ளையின் கால் இரண்டும் மிதிபலகையில் படவேண்டும், கை பிடியில் எட்டவேண்டும். எட்டாவிட்டால் இன்னும் வயது வரவில்லை என்று அர்த்தம். ஒருவருக்கான இருக்கை உள்ள வண்டியில் இரண்டாம் ஆளை ஏற்றவே வேண்டாம்.

புதிதாக ஓட்டுபவர் செய்யும் பெரிய பிழை என்ன?

திரொட்டில். மோட்டார் சைக்கிள் மாதிரி முறுக்குவது இல்லை, வலது பெருவிரலால் அழுத்தும் சிறு நெம்பு. பிரேக் இடது கையில். பயந்தால் மனிதன் என்ன செய்வான்? கையில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பான். இறுக்கினால் பெருவிரலும் சேர்ந்து அழுத்தும். வண்டி நிற்க வேண்டிய நேரத்தில் பாயும்.

என் மைத்துனரின் மகன், கெட்டிக்காரப் பெடியன், முதல் நாள் கொட்டேஜ் முற்றத்திலேயே இப்படி நேரே விறகுக் குவியலுக்குள் போனான். முழங்காலில் ஒரு வீக்கத்தோடு முடிந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்: அவனுடைய வாய் "நில்லு, நில்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது, பெருவிரல் விடவே இல்லை.

ஆகவே ட்ரெயிலுக்குப் போகமுன் ஒரு திறந்த இடத்தில் பத்து நிமிடம் ஒரே ஒரு பயிற்சி: மெல்ல எடுத்து, பெருவிரலை முழுதாக எடுத்துவிட்டு, பிறகு பிரேக். அதையே இருபது தடவை. அடுத்தது, வண்டியில் ஒரு சுருள் கயிறு இருக்கும். ஒரு முனை வண்டியில், மறு முனையை உங்கள் ஜக்கெற்றில் கொழுவ வேண்டும். விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நிற்கும். கொழுவாமல் ஓட்டும் பலரைக் காண்கிறேன். ஆள் விழுந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி யார் மேல் போய் ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

எவ்வளவு வேகத்தில் போகலாம்?

ட்ரெயிலில், வேறு பலகை இல்லாவிட்டால், மணிக்கு 50 கிலோமீற்றர். வேக எல்லை 50க்கு மேற்பட்ட றோட்டின் ஓரமாகப் போக அனுமதி உள்ள இடத்திலும் 50. எல்லை 50 அல்லது அதற்குக் குறைந்த றோட்டிலும், பொதுப் பூங்காவிலும் 20தான். 400 வரிசை அதிவேக நெடுஞ்சாலைகளில் அறவே கூடாது.

நேரான பழைய ரயில் பாதையில் 50 மெதுவாகத்தான் தோன்றும். காட்டுக்குள் வளைந்து போகும் பாதையில் 50 கூட அதிகம்.

எதிரே வண்டி வந்தால் எப்படி ஒதுங்குவது?

எதிரே வண்டி வந்தபிறகு ஒதுங்குவது பிந்திய வேலை. வரமுன்பே வலப்பக்கம் இருக்க வேண்டும்.

கணக்குப் பாருங்கள். நீங்கள் 50இல், எதிரே வருபவரும் 50இல். இருவரும் நெருங்கும் வேகம் 100. அதாவது ஒரு செக்கனில் 28 மீற்றர். வளைவில் உங்களுக்கு 40 மீற்றர்தான் தெரிகிறது என்றால், கண்டதில் இருந்து மோதும் வரை ஒன்றரைச் செக்கன்கூட இல்லை. அந்த நேரத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. ஆகவே எங்கே இருக்க வேண்டுமோ அங்கே முதலே இருக்க வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், வளைவின் உட்பக்கம் கையை இழுக்கும். இடது வளைவில் குறுக்கே வெட்டிப் போனால் சுகமாக இருக்கும். பலபேர் அப்படி வெட்டிப் போனதால் பனியில் தடம் விழுந்து, அடுத்த வண்டியின் ஸ்கீயும் (முன்னால் உள்ள சறுக்குப் பலகை) தானாக அந்தத் தடத்துக்குள் இழுபடும். அதை எதிர்த்து வலப்பக்கம் பிடிக்க வேண்டும். உடம்பை வளைவுப் பக்கம் சாய்த்து, வளைவுக்குள் நுழையமுன் வேகத்தைக் குறையுங்கள். நுழைந்த பிறகு பிரேக் பிடித்தால் பின்பக்கம் வழுக்கி எதிர்ப்பாதைக்குப் போய்விடும்.

மேட்டின் உச்சியும் இதே மாதிரித்தான். உச்சிக்கு அப்பால் ஒருவர் நிற்கிறார் என்று நினைத்தே ஏறுங்கள்.

கைச் சைகைகள் என்ன? தெரியாமல் போகலாமா?

தெரிந்துகொண்டு போங்கள், ஐந்து நிமிட வேலை. எல்லாம் இடது கைதான், வலது பெருவிரல் திரொட்டிலில் இருப்பதால். கை நேரே மேலே, உள்ளங்கை விரித்து: நிறுத்துகிறேன். கை பக்கவாட்டில் நீட்டி: இடப்பக்கம் திரும்புகிறேன். முழங்கையை மடித்து முன்கை மேலே: வலப்பக்கம். கையைக் கீழ்ப்பக்கமாக நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க அசைத்தால்: மெதுவாக்குகிறேன். தலைக்கு மேலாக இடமிருந்து வலம் காட்டினால்: எதிரே வண்டி வருகிறது, வலம் ஒதுங்கு. தோளுக்கு மேல் பெருவிரலால் பின்னால் காட்டினால்: எனக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வருகிறார்கள். முழங்கையை மடித்துத் தோள் உயரத்தில் மூடிய முஷ்டி: நான்தான் கடைசி.

ஒன்றை மறக்கக் கூடாது, இடது கையில்தான் பிரேக்கும் இருக்கிறது. ஒடுங்கிய வளைவில், கரடுமுரடான இடத்தில் சைகை காட்டப் போய்ப் பிரேக்கை விடாதீர்கள். அந்த இடத்தில் இரண்டு கையும் வண்டியில் இருப்பதுதான் முக்கியம். எதிரே வருபவர் சைகை காட்டவில்லை என்றால் பின்னால் ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

குழுவாகப் போகும்போது யார் முன்னுக்கு?

பாதை தெரிந்த அனுபவசாலி முன்னே, இன்னொரு அனுபவசாலி கடைசி. புதியவர்கள் நடுவில். வேகம் அதில் மிக மெதுவானவரின் வேகம். ஒவ்வொருவரும் சந்தியில் தனக்குப் பின்னால் வருபவர் தெரியும்வரை நிற்க வேண்டும், அவர் கண்ட பிறகுதான் திரும்ப வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் யாரும் தொலையமாட்டார்கள். எட்டுப் பத்து வண்டியாகப் போகாதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள்.

இடைவெளி விடுங்கள். முன்வண்டி கிளப்பும் பனித்தூளில் அதன் பின்லைற்றே மறைந்துவிடும். பின்லைற் தெரியாத அளவுக்குத் தூள் என்றால் நீங்கள் மிகக் கிட்ட இருக்கிறீர்கள்.

வடிவான இடத்தில் நிறுத்திப் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், இடம் பார்த்து. நேரான பாதையில், இரு பக்கமும் நெடுந்தூரம் தெரியும் இடத்தில், வலது ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துங்கள். வளைவில், மேட்டு உச்சியில், பாலத்தில் வேண்டாம். இறங்கினால் பாதையின் நடுவில் நின்று கதைக்க வேண்டாம். ஹெல்மெற் போட்டிருந்தால் வரும் வண்டியின் சத்தம் கேட்காது.

றோட்டைக் கடப்பது எப்படி?

முழுதாக நிறுத்தி, இரு பக்கமும் பார்த்து, நேர் குறுக்காக, ஒவ்வொருவராக. முன்னால் போனவர் அக்கரையில் நின்று "வா, வா" என்று கை காட்டுவார், நல்ல மனத்தோடுதான். அதை நம்பிப் போகாதீர்கள். அவர் பார்த்தபோது வராத கார் இப்போது வரலாம். ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்க்க வேண்டும். தார் தெரியும் றோட்டில் ஸ்கீ பிடிக்காது, வண்டி திரும்பாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓடும் ரயில் தண்டவாளத்தின் மேலோ ஓரமாகவோ போவது குற்றம். தண்டவாளம் எடுத்துவிட்ட பழைய பாதைகள் வேறு, அவற்றில் ட்ரெயில் பலகை இருக்கும்.

குரூமர் எதிரே வந்தால்?

பாதையைச் சமன்செய்யும் அந்தப் பெரிய இயந்திரத்தைத்தான் குரூமர் என்பார்கள். பின்னால் ஒரு இரும்புச் சட்டத்தை இழுத்துக்கொண்டு, பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும். பெரும்பாலும் இரவில் ஓடும், ஏனென்றால் இரவுக் குளிரில்தான் பனி நன்றாக இறுகும். ஓட்டுபவர்கள் பகல் வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் ஏறி உட்காருபவர்களாகவும் இருப்பார்கள்.

கண்டதும் வலது ஓரத்தில் நிறுத்தி, அது போக விடுங்கள். பின்னால் மாட்டிக்கொண்டால், ஓட்டுபவர் உங்களைக் கண்டு இடம் தரும்வரை பொறுங்கள். அப்போதுதான் சமன்செய்த பாதை பஞ்சு மாதிரி இருக்கும். சில மணி நேரம் விட்டால் இறுகும். உடனே பலர் ஏறி ஓடினால் அந்த இரவு வேலை முழுக்க வீண்.

ட்ரெயிலில் நடப்பவர்கள், நாய், மான் வந்தால்?

பழைய ரயில் பாதைகள் சிலவற்றில் நடப்பவர்களும் ஸ்கீ போடுபவர்களும் வருவார்கள். நடை வேகத்துக்குக் குறைத்து, இடம் விட்டுப் போங்கள். நாய் பூட்டிய சறுக்கு வண்டியோ குதிரையோ வந்தால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

மானும், அதைவிடப் பெரிய மான் இனமான மூஸும் இறுகிய பாதையில் நடக்க விரும்பும், ஆழப் பனியில் அவற்றுக்குச் சக்தி போய்விடும். நின்று, காட்டுக்குள் போக நேரம் கொடுங்கள். பின்னால் விரட்டினால் அது குளிர்காலம் தாண்டச் சேர்த்து வைத்த கொழுப்பை அந்த ஓட்டத்தில் எரித்துவிடும். மூஸ் காதைப் பின்னுக்கு மடித்து நின்றால் அது கோபத்தில் இருக்கிறது, திரும்பிப் போய்விடுங்கள்.

ஏரிக்கு மேலே ஓடலாமா? எல்லோரும் ஓடுகிறார்களே?

எல்லோரும் ஓடுகிறார்கள் என்பதை ஒரு காரணமாக எடுக்காதீர்கள்.

கனடாச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவு: தனியாக நடக்க 15 சென்ரிமீற்றர், கூட்டமாகச் சறுக்கி விளையாட 20, ஸ்னோமொபைலுக்கு 25. இது தெளிந்த நீல ஐஸுக்கு. வெள்ளை ஐஸ் என்றால் பலம் சுமார் பாதி, ஆகவே தடிப்பு இரண்டு மடங்கு வேண்டும். சாம்பல் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, கிட்டவே போகாதீர்கள். மேலே பனி மூடியிருந்தால் நிறம் தெரியாது. அதுதான் வில்லங்கம்.

ஒரே ஏரியில் ஒரு இடத்தில் 40 சென்ரிமீற்றரும் நூறு மீற்றர் தள்ளி 8 சென்ரிமீற்றரும் இருக்கலாம். ஆறு வந்து விழும் இடம், இரண்டு தீவுக்கு நடுவில் ஒடுங்கிய கால்வாய், பாலத்தின் கீழ், படகுத்துறையைக் காப்பாற்றக் காற்றுக்குமிழி விடும் இயந்திரம் வைத்த இடம், இவை எல்லாம் மெல்லிய ஐஸ். ஹலிபேட்டன் பக்கத்து ஏரிகள் பல, ட்ரென்ற்-செவர்ன் நீர்வழிக்குத் தண்ணீர் தேக்கி வைக்கும் ஏரிகள். அணைகளைத் திறந்து மூடுவதால் நீர்மட்டம் ஏறி இறங்கும். ஐஸுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் கரையோரம் ஐஸ் தாங்க ஆள் இல்லாமல் தொங்கும், வெடிக்கும். சிம்கோ போன்ற பெரிய ஏரியில் ஐஸ் விரிந்து நெருக்கி மேடாக எழும் வெடிப்புகள் வரும். காலையில் இல்லாத வெடிப்பு பின்னேரம் இருக்கும்.

என் வழக்கம் இதுதான்: கிளப் கம்பு நட்டு அடையாளம் போட்ட கடவையில், பகலில் மட்டும், உள்ளூர் ஆட்களிடம் அன்று காலையே கேட்டுவிட்டு. கம்பு இருப்பது ஐஸ் உறுதி என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அது பாதையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். சந்தேகம் என்றால் சுற்றிப் போகிறேன். இரவில் ஏரி எனக்கு வேண்டாம்.

ஐஸ் உடைந்து விழுந்தால் என்ன செய்வது?

மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் குளிர் பற்றி ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ற், 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்லித் தந்தார். இதை மனப்பாடம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

முதல் 1 நிமிடம்: குளிர் அடித்ததும் மூச்சு தானாக இழுத்து இழுத்து வாங்கும். தண்ணீரைக் குடித்துவிடாமல், பதறாமல், மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டிய நிமிடம் இது. அடுத்த 10 நிமிடம்: கையும் காலும் சொன்னதைக் கேட்கும் நேரம். வெளியேறுவதாக இருந்தால் இதற்குள். 1 மணி நேரம்: உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய இவ்வளவு நேரம் ஆகும். அதாவது விழுந்த உடனே செத்துவிடப் போவதில்லை. நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் மூளை வேலை செய்யும்.

வண்டியை விட்டுவிடுங்கள். வந்த திசைக்குத் திரும்புங்கள், நீங்கள் கடந்துவந்த ஐஸ் உங்களைத் தாங்கியது. கைகளை ஐஸின் மேல் நீட்டி, நீந்துவது மாதிரிக் காலைப் பின்னால் உதைத்து உடம்பைக் கிடையாகக் கொண்டுவந்து, வயிற்றால் வழுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காதீர்கள், உருண்டு போங்கள். இதற்குக் கழுத்தில் தொங்கும் ஒரு சோடி ஐஸ் ஊசி பேருதவி: மரப்பிடியில் ஆணி வைத்தது மாதிரி இருக்கும், ஐஸில் குத்தி இழுக்கலாம். மீன்பிடிக் கடையில் பத்து இருபது டொலருக்குக் கிடைக்கும். ஜக்கெற்றுக்கு வெளியே தொங்க வேண்டும், பையில் இருந்தால் பிரயோசனம் இல்லை. மிதக்கும் குளிராடை இருந்தால் இன்னும் நல்லது.

மற்றவர் விழுந்தால் ஓடிப் போகாதீர்கள். 911க்கு எடுத்துவிட்டு, தூர நின்று கயிறு எறியுங்கள், அல்லது படுத்தபடி ஒரு தடியை நீட்டுங்கள்.

இரவில் ஓடலாமா?

சட்டம் தடுக்கவில்லை. ஆனால் முதல் வருடம் வேண்டாம் என்பேன். என் பழைய வண்டியின் லைற்றில் 60 மீற்றருக்கு அப்பால் எதுவும் உருவமாகத் தெரியாது. 50 என்ற எல்லையை மீறி 80இல் போனால் அந்த 60 மீற்றர் மூன்று செக்கனுக்குள் முடிந்துவிடும். விழுந்த மரத்தைக் காணும்போதே அதன் மேல் இருப்பீர்கள்.

கொஞ்சம் குடித்துவிட்டு ஓடினால்? றோட்டுத்தானே இல்லை?

காருக்கு என்ன சட்டமோ அதே சட்டம். இரத்தத்தில் மதுவின் அளவு 0.08 என்றால் குற்றவியல் வழக்கு, 0.05இலேயே லைசென்ஸ் இடைநிறுத்தம். 21 வயதும் அதற்குக் கீழும் என்றால் ஒரு துளியும் கூடாது. பறிபோவது உங்கள் கார் லைசென்ஸும்தான். கஞ்சாவுக்கும் இதே கதை. பொலிஸ் ட்ரெயிலில் நின்று பார்க்கிறார்கள், ஓ.பி.பி. என்னும் ஒன்ராறியோ மாகாணப் பொலிஸுக்கு இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். குடித்தால் தோலுக்குக் கிட்ட உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, சூடு வெளியே போய்விடும். உள்ளே இதமாக இருக்கிறது என்று நினைக்கும் நேரத்தில்தான் உடம்பு வேகமாகக் குளிர்கிறது. கொட்டேஜுக்குத் திரும்பி, திறப்பை மேசையில் வைத்த பிறகு குடியுங்கள்.

என்ன உடுப்பது?

உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உங்களை நனைத்தே வைத்திருக்கும். கம்பளி அல்லது செயற்கை நூல், நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றுப் புகாத உடுப்பு. தொங்கும் சால்வை, நீண்ட ஸ்காஃப் ஆபத்து, வண்டியின் சுழலும் பெல்ற் பிடித்து இழுத்தால் கழுத்தோடு போகும். கழுத்துக்கு மூடிய குழாய்த் துணி போடுங்கள். மூக்கு, காது, கன்னம் வெள்ளையாக மாறுகிறதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள், தனக்குத் தெரியாது.

போன் சிக்னல் இல்லாத இடத்தில் விபத்து நடந்தால்?

ஸ்னோமொபைல் பிறந்த கதையே இந்தக் கேள்விதான். கியூபெக்கின் வல்கூர் ஊரில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்ற இளம் மெக்கானிக். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி. பனி மூடிய றோட்டில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழி இல்லை, பிள்ளை இறந்துவிட்டது. பனியில் ஓடும் வண்டி செய்ய அவர் முன்பே முயன்றுகொண்டிருந்தார். 1937இல் காப்புரிமை கிடைத்தது. அந்த முதல் வண்டிகளை வாங்கியவர்களில் ஊர் ஊராகப் போன வைத்தியர்களும் இருந்தார்கள். நாம் இன்று விளையாட்டாக ஓட்டும் ஸ்கீ-டூ 1959இல் வந்தது.

இப்போதும் காட்டுக்குள் உதவி வர நேரம் எடுக்கும். தனியே போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கொட்டேஜில் இருப்பவரிடம் எழுதிக் கொடுங்கள். ட்ரெயில் வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள். குளிரில் பற்றரி வேகமாகச் செத்துவிடும், போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். சந்தியில் உள்ள பலகையில் ட்ரெயிலின் எழுத்தும் இலக்கமும் இருக்கும். கடந்துபோகும்போது அதை ஒருமுறை வாசித்துக்கொண்டே போனால், 911க்கு எடுக்கும்போது "மரம் நிறைந்த இடம்" என்று சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. முதலுதவிப் பை, தீப்பெட்டி, உலர்ந்த கையுறை, கயிறு, தலைலைற், கொஞ்சம் சாப்பாடு. பெற்றோலில் மூன்றில் ஒன்று போக, ஒன்று வர, ஒன்று கையிருப்பு.

சைலன்சரை மாற்றிச் சத்தமாக்கினால் என்ன?

செய்யாதீர்கள். காணிக்காரர் தூங்கும் அறை ட்ரெயிலிலிருந்து ஐம்பது மீற்றரில் இருக்கலாம். இரவு 11 மணிக்கு அவருடைய ஜன்னல் அதிர்ந்தால் அடுத்த வருடம் அனுமதிக்குக் கையெழுத்து வைப்பாரா?

பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்குப் போனால் இதே விதிகளா?

இல்லை, அது வேறு உலகம். அங்கே பனிச்சரிவுதான் முதல் எதிரி. பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சிக்னல் கருவி, தேடும் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஆளுக்கு ஒன்று வேண்டும், பயிற்சியும் வேண்டும். அவலாஞ்ச் கனடா அமைப்பின் அன்றைய எச்சரிக்கையைப் பார்க்காமல் சரிவில் ஏறாதீர்கள்.

ட்ரெயில் இன்று திறந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

கூட்டமைப்பின் இணைய வரைபடத்தில் பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் ஓடலாம் ஆனால் நிலைமை சுமார், சிவப்பு என்றால் மூடியது. புறப்படும் காலையில் பாருங்கள், முதல் நாள் பார்த்தது செல்லாது. சிவப்புப் பாதையில் ஏறினால் பெர்மிற் இருந்தும் அத்துமீறல். கொட்டேஜுக்குக் காசு கட்டிவிட்டோமே, மூன்று நாள் வீணாகிறதே என்ற வருத்தம் எனக்கும் வந்திருக்கிறது. அந்த நாளில் பிள்ளைகளோடு சறுக்கப் போய்விடுங்கள்.

கிளப்பில் சேர்ந்து உதவி செய்யலாமா? அனுபவம் வேண்டுமா?

தாராளமாக. ஸ்னோமொபைல் ஓட்டத் தெரியாதவரும் வரலாம். ஒக்டோபரில் இலை கொட்டிய பிறகு சனிக்கிழமைகளில் வேலை: கொப்பு வெட்டுவது, பாலத்துப் பலகை மாற்றுவது, வயல் ஓரம் கம்பு அடிப்பது. வீடு வீடாகப் போய்க் காணிக்காரரிடம் அந்த வருடத்துக்கு அனுமதி கேட்பதும் அப்போதுதான்.

போன வருடம் அந்தக் கோதுமை விவசாயியிடம் மறுபடி போனோம். வயலுக்குள் இல்லை, வேலிக்கு வெளியே பற்றைக்குள் ஒரு நாலு மீற்றர் அகலம் தருவதாகச் சொன்னார், நாங்கள் துப்புரவு செய்வதென்றால். மூன்று சனிக்கிழமை ஆனது. கடைசி நாள் அவரே டிராக்டரில் கம்புகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இந்த வருடமும் அங்கே வேலை மிச்சம் இருக்கிறது. வருகிறவர்கள் தடித்த கையுறையும் சாப்பாடும் கொண்டுவந்தால் போதும், செயின்சோ எங்களிடம் இருக்கிறது.